செய்தவர் ஒருவர், பார்த்தவர் மூவர்

உதவித்தொகை பெறும் மாணவியருக்கான நடத்தை விதிகள், பதினொன்று, உட்பிரிவு ஆ: "பிறர் செய்த பணியைத் தம் பெயரில் ஒப்படைக்கும் மாணவியின் உதவித்தொகை அப்பருவத்தோடு நிறுத்தப்படும். ஒப்படைக்கக் கொடுத்தவருக்கும் அவ்வாறே."

அந்த இரண்டாவது வாக்கியம் என்னுடையது. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் நான் வேலையில் இருந்தபோது இந்த விதியின் வரைவு என் மேசைக்கு வந்தது. அதில் வாங்கியவருக்கு மட்டும்தான் தண்டனை இருந்தது. கொடுத்தவர் தப்பித்துவிடுவார் என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். என் குறிப்புகளில் முழுதாக ஏற்கப்பட்டவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. ஓய்வு பெற்று விருதுநகர் வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகு, சிவகாசிப் பக்கத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் உதவித்தொகை தரும் அறக்கட்டளை தன் விதிப்புத்தகத்தை என்னிடம் நீட்டியது. பல்கலைக்கழக விதியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். என் வாக்கியமும் புள்ளி மாறாமல் இருந்தது. தெரிந்த முகத்தைத் தெருவில் பார்த்ததுபோல் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அந்தக் கல்லூரியில் என் வேலைக்குக் கல்வி ஆலோசகர் என்று பெயர். பிளஸ் டூவில் மிக அதிக மதிப்பெண் எடுத்து முழு உதவித்தொகையில் படிக்கும் பெண்கள் மாதம் ஒருமுறையாவது ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் நிபந்தனை. செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறிப் போவேன். பழைய விடைத்தாள் கட்டுகள் அடைத்துக் கிடக்கும் அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன அறை, ஒரு மின்விசிறி, நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். வருகிற பெண்களில் பெரும்பாலோர் பட்டாசுக் கம்பெனியிலோ தீப்பெட்டிக் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். எந்த விருப்பப் பாடம் எடுத்தால் மதிப்பெண் குறையாது, வருகை எவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்து, சராசரி எட்டரைக்குக் கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டும். அவர்கள் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வது, ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸைப் பின்னால் இருந்து தள்ளிவிடுவது போன்றது. தள்ளியதாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன்.

இறுதி ஆண்டு இயற்பியலில் அப்படி நான்கு பேர் இருந்தார்கள். நாரணாபுரத்துப் பெண் ஒருத்தி, சாத்தூர்ப் பெண் ஒருத்தி, திருத்தங்கல்லில் இருந்து ஒருத்தி. இந்த மூவரின் அம்மாக்களும் பட்டாசுக் கம்பெனியில். நான்காமவள் ஆலங்குளம். அவள் அப்பா சிமெண்ட் ஆலையில் கூலி, அத்தை பட்டாசில். நான்கு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் நாரணாபுரத்துப் பெண்.

ஆண்டுத் தொடக்கத்தில் முதல் சந்திப்புக்கு வந்தபோது மூன்று பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நாரணாபுரத்துப் பெண் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். நாற்காலி காலியாக இருந்தது.

"உள்ளே வாம்மா."

"இருக்கட்டும் மேடம். உங்களையும் சேத்து நாலு ஆயிருச்சு."

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது.

"பழக்கம் மேடம்," என்றாள். "வீட்லயும் அஞ்சாவது ஆளு வந்துட்டா எங்கம்மா எந்திரிச்சு வாசலுக்குப் போயிருவாக."

"இங்கே வெடிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை. வந்து உட்காரு."

"விதிப்புத்தகம் இருக்கே மேடம்," என்றாள் சாத்தூர்ப் பெண்.

பல வருடங்களாக நான் மற்றவர்களிடம் பிரயோகித்த தொனி அது. என்னிடம் யாரும் பிரயோகித்ததில்லை.

பருவம் பாதி போயிருக்கும். அவர்களுடைய துறையில் ஓர் இளம் ஆசிரியர் இருந்தார். பாளையங்கோட்டைக்காரர், அப்பா, அம்மா, அக்கா எல்லோருமே பள்ளி ஆசிரியர்கள். இது அவருக்கு முதல் வேலை; இறுதி ஆண்டு ஒப்படைப்புகளையெல்லாம் திருத்துவது அவர் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை கையில் ஒரு கட்டுத் தாளோடு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். இந்தக் கல்லூரியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுபவர்கள் இரண்டு வகை: சம்பளம் வராதவர்கள், காப்பி அடித்தவரைப் பிடித்தவர்கள். இவருக்குச் சம்பளம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

"மேடம், நாலு பேரோட ஒப்படைப்பும் ஒண்ணு. வெப்பவியல், ஒளியியல், மின்னணுவியல், கணித முறைகள். நாலு பாடத்துலயும் வரிக்கு வரி ஒண்ணு. கையெழுத்துதான் வேற வேற."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "நான் கண்டுபிடிக்கல மேடம். அவங்களே எழுதியிருக்காங்க."

ஒவ்வொரு ஒப்படைப்பின் கடைசிப் பக்கத்திலும், கீழே இடது மூலையில், ஸ்கேல் வைத்துச் சின்னதாக ஒரு கட்டம் போட்டிருந்தது. வெப்பவியல் தாளில்: செய்தவர் என்று நாரணாபுரத்துப் பெண்ணின் பெயர். அதற்குக் கீழே பார்த்தவர் என்று மற்ற மூவரின் பெயர்கள், பார்த்த வரிசைப்படி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கையெழுத்து. ஒளியியலில் செய்தவர் சாத்தூர்ப் பெண். மின்னணுவியலில் திருத்தங்கல். கணிதத்தில் ஆலங்குளம்.

தேர்வுப் பிரிவில் நான் பார்க்காத தில்லுமுல்லு கிடையாது என்று நினைத்திருந்தேன். துண்டுத்தாள், ஆள்மாறாட்டம், விடைத்தாளுக்குள் சாமி படம், சாமி படத்துக்குப் பின்னால் சூத்திரம். செய்ததைச் செய்த வரிசையில், ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டிக் கையெழுத்தோடு ஒப்படைத்த காப்பியை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

நான்கு பேரையும் வரச் சொன்னேன். ஆசிரியரும் நானும் உள்ளே இருந்ததால் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள், இரண்டு பேர் வெளியே நின்றார்கள். இந்த முறை நான் உள்ளே கூப்பிடவில்லை.

"இது தப்புன்னு தெரியுமா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"எது சார்?" என்றாள் நாரணாபுரத்துப் பெண். நடிப்பு இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

"ஒருத்தி செஞ்சதை நாலு பேரும் குடுத்தது."

"ஒருத்தி செய்யலையே சார். நாலு பேரும்தான் செஞ்சோம். அதான் போட்டிருக்கோமே."

"யாரு இப்படிச் செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல. கம்பெனியில அப்படித்தான சார்."

பிறகு அவள் சொன்னதை நான் என் சொற்களில் சுருக்குகிறேன். அவள் அம்மா இருக்கும் அறையில் நான்கு பெண்கள் சரம் பின்னுகிறார்கள். ஒருத்தி கையில் இருந்து இன்னொருத்தி கைக்குப் போகும்போது, வாங்குகிறவள் அதை ஒருமுறை பார்க்காமல் வாங்க மாட்டாள். பார்த்து வாங்கிவிட்டால் அது அவளுடையது. அதில் திரி சரியாக இல்லை என்று போர்மேன் பிறகு கண்டுபிடித்தால், முதலில் செய்தவளைக் கூப்பிட மாட்டார். கடைசியாகக் கைவைத்தவளைத்தான் கூப்பிடுவார். இந்த நான்கு பெண்களும் முதல் ஆண்டு முதல் பருவத்திலிருந்தே இப்படித்தான் படித்திருக்கிறார்கள். ஒருத்தி ஒரு பாடத்தை முழுக்கப் போடுவாள். அடுத்தவள் அதை வாங்கி, விடையை மூடி வைத்துக்கொண்டு, தானே முதலில் இருந்து போட்டுப் பார்ப்பாள். ஒத்து வராவிட்டால் திருப்பிக் கொடுப்பாள். ஒத்து வந்தால் கையெழுத்து, அடுத்தவளுக்கு. முந்தைய ஆசிரியர்கள் கடைசிப் பக்கத்துக் கட்டத்தை அலங்காரம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அல்லது கடைசிப் பக்கம் வரை போகவில்லை.

"வாங்கிப் பாக்குறப்ப எத்தனை தடவை திரும்பி வரும்?" என்று கேட்டேன். கேள்வி என் வாயிலிருந்து வந்தபோதே இது விசாரணைக்குச் சம்பந்தம் இல்லாதது என்று தெரிந்தது.

"இவ போட்டா திரும்பவே திரும்பாது மேடம்," என்று ஆலங்குளத்துப் பெண்ணைக் காட்டினாள் திருத்தங்கல் பெண். "என்னோடது திரும்பித் திரும்பி வந்து தாள் கிழிஞ்சிரும்."

முதல்வரிடம் போனோம். அவர் நல்லவர்; நல்லவர்கள் கோப்பைக் கண்டால் பயப்படுவார்கள். பதினொன்று ஆ-வை ஒரு தரம் படித்தார். "இதுல சந்தேகமே இல்லையே மேடம். நாலு பேருக்கும் நிறுத்தணும். நீங்க பரிந்துரை எழுதிக் குடுத்துட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன்." உதவித்தொகை நின்றால் அந்தப் பெண்கள் கல்லூரியை விட்டுப் போவார்கள் என்பது அவருக்கும் தெரியும். கடைசி ஆண்டு வரை வந்துவிட்டுப் போவார்கள். நாரணாபுரத்துப் பெண்ணுக்கு இன்னொன்றும் இருந்தது. வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். அதில் சேர நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். விதி பதினொன்றில் தண்டனை பெற்றவளுக்கு அந்தச் சான்றிதழில் நன்னடத்தை என்ற சொல் எழுதப்படாது. அதையும் நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆலோசகர் அல்லவா.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் அம்மா வந்தார். அன்று காலையிலிருந்து இடியும் மின்னலுமாக இருந்ததால் கம்பெனியில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நனைந்த தலையோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். மகள் வாசலருகே நின்றாள்.

"பேரை எதுக்கு மேடம் இவ போட்டா? அதச் சொல்லுங்க. போடாம இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"போடாட்டாத்தான் அது தப்பும்மா," என்றாள் மகள்.

"வாய மூடு. நீ போட்டதாலதான் இங்கன வந்து உக்காந்திருக்கேன்." பிறகு என்னிடம், குரலைக் கொஞ்சம் இறக்கி, "பேக்கிங்ல ஆளு கேக்காக மேடம். நாளைக்கே கூட்டிட்டுப் போனா எடுத்துக்கிடுவாக. நான்தான் வேண்டாம் வேண்டாம்னு தள்ளிக்கிட்டு இருக்கேன். நிறுத்துறதா இருந்தா இப்பமே சொல்லிருங்க. சீசன் முடிஞ்சு சொன்னீகன்னா அந்த இடமும் போயிரும்."

நான் இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றேன். விசாரணை இல்லாமல் பதினொன்றின் கீழ் யாரையும் தண்டிக்க முடியாது, உட்பிரிவு ஈ. விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பது அதில் சொல்லப்படவில்லை. சொல்லப்படாத இடங்கள் எங்கெங்கே என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என் முழு அறிவும்.

வாய்மொழித் தேர்வு என்று குறிப்பு எழுதினேன். ஒவ்வொருத்தியிடமும் அவள் செய்யாத மூன்று பாடங்களில் மட்டும் கேள்வி. அது பிறருடைய பணி என்றால் தெரியக் கூடாது. தெரிந்தால் அது யாருடையது என்று பிறகு யோசிக்கலாம். ஆசிரியர் சம்மதித்தார். கடுமையாகத்தான் கேட்பேன் என்றார். கேளுங்கள் என்றேன்.

ஆய்வகத்தில் நடந்தது. நான் வரலாறு படித்தவள். இயற்பியலில் எனக்குத் தெரிந்தது மின்விசிறி சுற்றாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும். அதனால் நான் பெண்களைப் பார்க்கவில்லை. ஆசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சாத்தூர்ப் பெண். நாரணாபுரத்துப் பெண் செய்த வெப்பவியல் சோதனையைக் காட்டி, விடை ஏன் புத்தகத்தில் இருக்கும் அளவோடு ஒட்டவில்லை என்று கேட்டார்.

"அந்த வெப்பமானி அரை டிகிரி கூடக் காட்டும் சார். ஜன்னலோரம் இருக்குல்ல, அது. இவ எப்பயும் அங்கதான் போவா, காத்து வரும்னு. நாங்க ஐஸ்ல முக்கிப் பாத்துட்டோம். அரையைக் கழிச்சுக் காட்டியிருக்கு பாருங்க. அதுக்கு மேலயும் கொஞ்சம் ஒட்டாம வருது. அது பஞ்சு. இவ பஞ்சைச் சுத்துறதுல கஞ்சத்தனம் பண்ணுவா."

"நான் கஞ்சத்தனம் பண்ணல. பஞ்சு அம்புட்டுத்தான் குடுத்தாக," என்றாள் மற்றவள், வாய்மொழித் தேர்வு என்பதை மறந்து.

ஆசிரியர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். அதற்குப் பிறகு அவர் கேள்விகள் உண்மையிலேயே கடுமையாயின. எண்களை மாற்றினார், நிபந்தனையை மாற்றினார், நடுவிலிருந்து கேட்டார். ஒவ்வொருத்திக்கும் மற்ற மூவரின் பாடமும் தெரிந்திருந்தது. அது மட்டும் என்றால் நான் பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். மற்ற மூவரும் எந்த இடத்தில் தடுமாறுவார்கள், எந்த இடத்தில் அவசரப்படுவார்கள் என்பதும் தெரிந்திருந்தது. திருத்தங்கல் பெண் பின்னங்களைக் கண்டால் ஒரு படியைத் தாண்டிக் குதிப்பாள் என்று ஆலங்குளத்துப் பெண் சொன்னபோது, திருத்தங்கல் பெண் ஆமாம் என்று தலையாட்டினாள். ஒரு மனிதரின் புத்தி எப்படி வேலை செய்கிறது என்பதை இன்னொரு மனிதர் இவ்வளவு நெருக்கமாக, கொஞ்சமும் கெடுதல் நினைக்காமல், தெரிந்து வைத்திருக்க முடியும் என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு அப்படி யாரையும் தெரியாது. என்னை அப்படி யாருக்கும் தெரியாது.

கடைசியாக நாரணாபுரத்துப் பெண். சாத்தூர்ப் பெண் போட்ட ஒளியியல் கணக்கு. ஆசிரியர் ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, இங்கே கூட்டல் எப்படிக் கழித்தலானது என்று கேட்டார். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ஆய்வகத்தில் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆகக் கூடாது சார்."

"அப்போ?"

"தப்பு. கீழ இன்னொரு தப்பும் சேந்து விடை சரியா வந்திருக்கு. அதான் கண்ணுல படல. இதுல நான்தான் கடைசியாப் பாத்தது. விட்டுட்டேன்."

"எனக்கும் இப்பதான் பட்டது," என்றார் ஆசிரியர். "சரி. ஒளியியல்ல நாலு பேருக்கும் ரெண்டு ரெண்டு மார்க் குறைக்கிறேன்."

"நாலு பேருக்கு எதுக்கு சார்?" என்றாள் சாத்தூர்ப் பெண். "கணக்கு என்னோடது. எனக்குக் குறைங்க."

"நீ சும்மா இரு. போடுறவ தப்பு விடத்தான் செய்வா. பாக்கறவ எதுக்கு இருக்கா? எட்டு மார்க்கையும் எனக்குப் பிடிங்க சார்," என்றாள் நாரணாபுரத்துப் பெண்.

"அப்ப நடுவுல பாத்த நாங்க ரெண்டு பேரும் யாரு, வேடிக்கை பாக்க வந்தவங்களா?" என்றாள் ஆலங்குளத்துப் பெண்.

"கம்பெனியில கடைசிக் கையத்தான கேப்பாக?"

"இது கம்பெனி இல்ல புள்ள. காலேஜ்," என்றாள் சாத்தூர்ப் பெண்.

"அதுக்குத்தான் உன்னைய கடைசியாப் பாக்க வைக்கக் கூடாதுங்கறது," என்றாள் திருத்தங்கல் பெண். "ஒன்ன விட்டா மொத்தத்தையும் தூக்கித் தலையில வச்சுக்கிடுவே."

நாரணாபுரத்துப் பெண்ணுக்கு முதல் ஆண்டில் அம்மை போட்டு ஒரு தேர்வு தவறிப்போனதால் சராசரி எட்டரைக்கு ஒட்டி நின்றது. எட்டு மதிப்பெண்ணும் அவளுக்கே என்றால், விதி பதினொன்று வேண்டியதில்லை. சராசரி ஒன்றே அவளை வெளியே தள்ளிவிடும். அது அவளுக்குத் தெரியும். மற்ற மூவருக்கும் தெரியும். ஆசிரியர் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

மதிப்பெண் கூட்டச் சொல்லி வந்த மனுக்களைப் பார்த்தே என் தலை நரைத்தது. மறுகூட்டல், மறுமதிப்பீடு, அமைச்சரின் உறவினர் கடிதம், வக்கீல் நோட்டீஸ். ஒரு மதிப்பெண்ணுக்காகத் தரையில் புரண்டு அழுதவரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுக்காமல் இருப்பதற்குப் பத்து காரணம் எழுதத் தெரிந்தவள் என்ற பெயரும் எனக்கு இருந்தது. குறைக்கப்படும் மதிப்பெண்ணுக்கு நான்கு பேர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அதற்கு எந்தப் படிவமும் கிடையாது. அந்தப் பெண்கள் என்னை அழ வைக்கவில்லை. நான் அழுகிறவள் இல்லை. எழுந்து நிற்க வேண்டும் போல் இருந்தது. எழுந்து போய்ச் சொட்டிக்கொண்டிருந்த குழாயை அடைத்துவிட்டு வந்தேன்.

ஆசிரியர் நான்கு பேருக்கும் இரண்டிரண்டாகத்தான் குறைத்தார். நாரணாபுரத்துப் பெண் அதை நியாயம் என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் விதி அங்கேயேதான் இருந்தது. வாய்மொழித் தேர்வில் தேறினால் குற்றம் இல்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. விதி அங்கிருந்து வந்தது என்பதால் நான் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கேள்வி அனுப்பினேன்: ஒருவர் செய்து, மற்றவர்கள் ஒவ்வொருவரும் தாமே மீண்டும் செய்து பார்த்து, அனைவர் பெயரையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு ஒப்படைத்தது பதினொன்று ஆ-வில் உள்ள 'பிறர் செய்த பணி' ஆகுமா? என் வேலைக்காலம் முழுவதும் பதில் தெரிந்த கேள்விகளை மட்டுமே மேலே அனுப்பியிருக்கிறேன். அதுதான் அலுவலக மரபு. இதற்குப் பதில் எனக்கே தெரியவில்லை.

விதி பத்தொன்பது: விளக்கம் கோரப்பட்ட விஷயத்தில் பதில் வரும்வரை மாணவியின் நிலை மாறாது. இதை எழுதியது யாரோ நல்ல மனசுக்காரர், நான் இல்லை. ஆகப் பதில் வராதவரை உதவித்தொகை தொடரும். அந்தக் கேள்வி எந்தெந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்று எனக்குத் தெரியும்; பாதி மேசைகளில் நானே உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றில் 'முன்கோப்பு இணைக்கவும்' என்று எழுதுவார்கள். முன்கோப்பு இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு மாதம். அடுத்ததில் 'சட்ட ஆலோசகரின் கருத்து'. வாழ்நாளில் முதல் முறையாகத் தாமதத்தை நம்பி உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் வராத செவ்வாய்க்கிழமைகள் நல்ல செவ்வாய்க்கிழமைகள்.

இனிமேல் தனித்தனியாக ஒப்படையுங்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்து ஒரு தாளைக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் அதே கட்டம். செய்தவர்: அவரவர் பெயர். பார்த்தவர்: யாரும் இல்லை.

"என்னை எச்சரிக்கிறாங்க மேடம்," என்றார். "யாரும் பாக்காத சரக்கு, ஜாக்கிரதையா வாங்கிக்கோங்கன்னு." தவறுகளும் முன்பைவிட அதிகம் இருந்தன என்றார். அதற்குப் பிறகு அவரே அவர்களுக்கு வெவ்வேறு கணக்குகள் கொடுத்து, ஒருவர் மற்றவருடையதைப் பார்க்கலாம் என்று அனுமதித்தார். விதியில் அதற்குத் தடை இல்லை. நான் பார்த்தேன்.

தீபாவளி சீசன் முடிந்தது, அடுத்த பருவமும் முடிந்தது. நான்கு பேரும் தேறினார்கள். நாரணாபுரத்துப் பெண்ணுக்கு அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. அன்றிலிருந்து தாமதம் எங்களுக்கு எதிரியானது. கோப்பு நிலுவையில் இருக்கும்போது எப்படி மேடம் நன்னடத்தை என்று கையெழுத்துப் போடுவது என்று முதல்வர் கேட்டார். அவர் கேட்டது சரி. நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

நான் பல்கலைக்கழகத்துக்கே போனேன். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதன் கால் ஒன்று ஆடும் என்பது அத்தனை வருடம் உள்ளே இருந்தும் எனக்குத் தெரியாது. என்னிடம் வேலை பழகியவர் ஒருவர் இப்போது அங்கே கண்காணிப்பாளர். ஓடி வந்து உள்ளே கூட்டிப்போனார்.

"மேடம், உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். கோப்புல கடைசிக் குறிப்பைப் பாருங்க."

பார்த்தேன். 'இவ்விதியின் இறுதி வாக்கியத்தைப் பரிந்துரைத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய கருத்தைப் பெற்று முடிவு செய்யலாம். முகவரி அறியவும்.'

"இப்பவே எழுதிக் குடுத்திருங்க மேடம். பொருந்தாதுன்னு ஒரு வரி. சாயங்காலமே கையெழுத்து வாங்கி அனுப்பிடறேன்."

பேனாவை நீட்டினார். எனக்கு அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்; அவள் அம்மாவும், பேக்கிங்கில் கேட்ட இடமும். ஒரு வரி. 'இவ்விஷயத்தில் விளக்கம் கோரியவளும் நானே. எனவே கருத்துக் கூறுவது முறையாகாது. வேறொருவரிடம் பெறவும்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

கண்காணிப்பாளர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "இதை எழுதாட்டி யாருக்கு மேடம் தெரியப் போகுது? இன்னும் நாலு மாசம் இழுக்குமே."

இழுக்கும் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வரும் வழியெல்லாம் அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

சொன்னேன். "பரவால்ல மேடம். நான் அங்க எழுதிட்டேன்," என்றாள்.

"என்ன எழுதினே?"

"நடந்ததெல்லாம். கட்டம் போட்டது, வாய்மொழித் தேர்வு, கோப்பு நிக்கிறது, எல்லாம்."

சேருவதற்கு முன்பே தன் மீதுள்ள விசாரணையைத் தானே எழுதி அனுப்புகிறவளுக்கு எந்த நிறுவனம் கதவைத் திறக்கும்? "யாரு உன்னைக் கேட்டா?"

"யாரும் கேக்கல. பின்னாடி தெரிஞ்சா அவுகளுக்குச் சங்கடமில்லையா? பதில் வந்துருச்சு மேடம். வந்து சேரச் சொல்லிட்டாக. சான்றிதழை முதல் பருவம் முடியறதுக்குள்ள குடுக்கணுமாம். குடுக்காட்டி இடம் கிடையாது."

ஆடி மாதம், இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ்கள் திணறிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், அவள் ரயில் ஏறினாள். மற்ற மூவரும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள். நான் போகவில்லை, நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆவணியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று, ஐப்பசியில் இரண்டு. எப்படி எழுதினால் ஒரு நினைவூட்டு எரிச்சல் தராமல் மேசையின் மேலேயே கிடக்கும் என்று தெரிந்தவள் நான், அவ்வளவையும் செலவழித்தேன். அவள் அங்கிருந்து பேசும்போது கோப்பைப் பற்றிக் கேட்க மாட்டாள். அங்கே ஆய்வகத்தில் எல்லாரும் தனித்தனியாகவே வேலை செய்கிறார்கள் என்றும், தன் கணக்கைப் பார்த்துத் தரச் சொல்லி ஒரு வங்காளிப் பெண்ணிடம் கேட்டதாகவும், அவள் முதலில் பயந்துவிட்டதாகவும் சொன்னாள். பருவம் முடிய இன்னும் கொஞ்சம் நாள்தான் இருக்கிறது என்பதை அவளும் சொல்ல மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன்.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. வேறு யாரோ, எனக்குத் தெரியாத ஒருவர், கருத்துச் சொல்லியிருந்தார். 'தாமே மீண்டும் செய்து பார்த்து, அதை மறைக்காமல் குறிப்பிட்டு ஒப்படைத்தது பதினொன்று ஆ-வில் அடங்காது. எனினும் இது முன்னுதாரணமாகக் கொள்ளப்படக் கூடாது.' அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியவர் யாராக இருந்தாலும் எங்கள் பிரிவில் நல்ல எதிர்காலம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். முதல்வர் நின்றபடியே சான்றிதழில் கையெழுத்திட்டார். இயற்பியல் ஆசிரியர் அதை அங்கேயே ஸ்கேன் செய்து அனுப்பினார். அவளுடைய பருவம் முடிய அந்த வாரம் மட்டும் பாக்கி இருந்தது. அன்றைக்கு நவம்பர் இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை.